கட்டளைக் கையேட்டை வகுப்பது யார்?

கணிப்பொறிக்குத் தமிழ் வந்துவிட்டது என்று மேடைதோறும் மார்தட்டிக் கொள்வோர் பெருகியுள்ளனர். திரையில் தமிழெழுத்துத் தெரிகின்றது. விசைப்பலகையில் தமிழெழுத்துப் பதிகின்றது. கைப்பேசியில் தமிழில் மடல் எழுத முடிகின்றது. இனி என்ன குறை என்பது அவர்தம் கேள்வி. எழுத்துத் தெரிவது வேறு. ஒரு துறையின் அறிவு அம்மொழியில் வழங்குவது வேறு. வீட்டு முகப்பில் பெயர்ப்பலகை தமிழில் இருந்துவிட்டால் உள்ளே பேசும் மொழியும் தமிழாகிவிடுமா? கணிப்பொறியின் முகப்பைக் கடந்து, சொல்லாலேயே அதனை ஆளுகின்ற இடமாகிய கட்டளை ஓட்டுக்குள் நுழைந்து பார்ப்பார்க்கு, அங்குத் தமிழுக்கு ஒரு முக்காலியும் இடப்படவில்லை என்பது விளங்கும்.

ஓடு என்பது யாது? கணிப்பொறியின் உறுப்புகளை நேரடியாக இயக்கும் அடிப்படை நிரலுக்குக் கருவகம் என்று பெயர். அதனைச் சூழ்ந்து நின்று, மாந்தன் தட்டச்சிடும் சொல்லை வாங்கிப் பொருளுணர்ந்து செய்விக்கும் நிரலே ஓடு. தேங்காயின் பருப்பைச் சுற்றி ஓடு இருப்பது போன்றதாகலின் இப்பெயர் பெற்றது. 1965ஐ ஒட்டிய காலத்தில் இக்கருத்தை வகுத்து, ஆங்கிலத்தில் இப்பொருள்படப் பெயரிட்டவர் உலூயி பூசான் என்னும் பிரெஞ்சுக்காரர். பிரெஞ்சுக்காரரே ஆங்கிலத்தில்தானே பெயரிட்டார் என்று உடனே ஒரு கூட்டம் கிளம்பும். அவர் அந்நாளில் பணியாற்றிய களம் அமெரிக்க நாட்டின் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகம் என்பதை அக்கூட்டம் சொல்லாது. கணிப்பொறிக்கு 1955 ஆம் ஆண்டிலேயே 'ஓர்தினாத்தேர்' என்று தம்மொழியில் பெயரிட்டுக்கொண்டவர் பிரெஞ்சு மக்கள் என்பதையும், விற்கப்படும் பொருளின் பயன்பாட்டுக் குறிப்புகள் பிரெஞ்சு மொழியில் இருந்தே ஆகவேண்டும் என்று 1994 ஆம் ஆண்டில் சட்டமே இயற்றியவர் அவர் என்பதையும் அக்கூட்டம் சொல்லவே சொல்லாது.

ஓட்டிடம் இடப்படும் கட்டளைகள் இருவகைப்படும். தனி நிரலாக வட்டில் ஒரு கோப்பாய் இருப்பவை ஒரு வகை. ஓட்டுக்குள்ளேயே, அதன் உடலோடு உடலாய் அமைந்தவை மற்றொரு வகை. பின்னவையே உள்ளமை கட்டளைகள். இவற்றை ஏன் உள்ளே வைக்க வேண்டும்? இங்குத்தான் ஓர் அரிய செய்தி உளது. யூனிக்சு என்னும் இயங்குதளம் பெல் ஆய்வகத்தில் உருவாகிக்கொண்டிருந்த தொடக்க நாள்களில், ஒவ்வொரு கட்டளையையும் ஒரு புதிய செயல்முறையாகப் பிறப்பித்து இயக்கும் முறையைக் கென் தாம்சனும் தெனிசு இரிட்சியும் புகுத்தினர். புகுத்தியவுடன், ஒரு கோப்படைவிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் கட்டளை வேலை செய்யாமற் போயிற்று! கருவகத்தைப் பழுது என்று ஐயுற்று நெடுநேரம் ஆராய்ந்த பின்னரே கரணியம் புலனாயிற்று என்று இரிட்சியே பின்னாளில் எழுதியுள்ளார். பிறந்த செயல்முறை தன் இடத்தை ஒழுங்காக மாற்றிக்கொள்கின்றது. மாற்றிய நொடியே மாய்ந்தும் போகின்றது. அதனைப் பிறப்பித்த ஓடு இருந்த இடத்திலேயே இருக்கின்றது. மகன் மதுரைக்குப் போனால் தந்தையும் மதுரைக்குப் போனதாகுமா? ஆகலின் அக்கட்டளையை ஓடு தானே செய்துகொள்ள வேண்டியதாயிற்று. இன்றைக்குச் 'சீடீ' என்று ஈரெழுத்தில் வழங்கும் கட்டளையின் வரலாறு இது.

இத்துணைச் சிறிய கட்டளைக்குள் இத்துணைப் பெரிய கருத்து அடங்கியிருக்கின்றது. தமிழ்நாட்டுக் கல்லூரியொன்றில் கணிப்பொறி பயிலும் மாணவரைப் பார்த்து, 'சீடீ' ஏன் தனி நிரலாக இல்லை என்று கேட்டால் எத்தனைப் பேர் விடை கூறுவர்? கூறமாட்டார் எனின் அக்குறை அவர்தம் அறிவின் குறையன்று. தாய்மொழியில் இரண்டே வரியில் விளங்கக்கூடிய செய்தியை அயன்மொழியில் மனப்பாடம் செய்யவைத்த கல்வியின் குறை அது.

இனிக் கையேட்டின் கதைக்கு வருவோம். யூனிக்சின் முதற் கையேடு 1971 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 3 ஆம் நாளிட்டது. தாம்சனும் இரிட்சியும் எழுதியது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு தனித்தாள். தாளில் பெயர், எழுதும் வடிவம், விளக்கம், தொடர்புடைய பிற என்று ஒழுங்கான தலைப்புகள். இறுதியில், அறியப்பட்ட பிழைகளை ஒளியாமல் எழுதிவைக்கும் ஒரு பகுதி. தம் படைப்பின் குறையைத் தாமே எழுதிவைத்த அந்நேர்மை போற்றத்தக்கது. பின்வந்த பதிப்புகளில், தலைப்பின் எந்தச் சொல்லைக் கொண்டும் தேடுமாறு சொற்களைச் சுழற்றி அடுக்கிய ஓர் அகரவரிசையும் சேர்க்கப்பட்டது. 'சீடீ'க்கு ஏழாம் பதிப்பிலும் தனித்தாள் இருந்தது. அது ஏன் ஓட்டுக்குள் அமைந்தது என்னும் கரணியமும் அத்தாளிலேயே இருந்தது.

அதே ஏழாம் பதிப்போடு 1979 ஆம் ஆண்டில் இசுடீபன் போர்ன் என்பார் எழுதிய ஓடு வெளிவந்தது. அதனைப் பின்பற்றிக் குனூ திட்டத்துக்காகப் பிரையன் பாக்சு 1989 ஆம் ஆண்டில் வெளியிட்டதே 'பாசு' ஓடு. பின்னர் அதனை நெடுங்காலமாகப் பேணி வளர்த்து வருபவர் செட் இரேமி. பெரும்பாலான இலினக்சுத் தளங்களில் இன்று மாந்தரை எதிர்கொள்வது இவ்வோடே. இதனுள் ஏறத்தாழ 60 உள்ளமை கட்டளைகள் உள. இவற்றை விளக்கும் கையேடு எவ்வாறு வகுக்கப்பட்டுள்ளது என்பதே இங்கு ஆராய்தற்குரியது.

ஒற்றைத்தாள் கையேடு என்று பெயர் கொண்டு, ஆனால் பற்பல பக்கம் நீளும் ஒன்று உளது. அதில் உள்ளமை கட்டளைகள் அனைத்தும் ஒரே தலைப்பின்கீழ் ஆங்கில நெடுங்கணக்கின் வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன. பிழைகளைச் சொல்லும் பகுதியில், இவ்வோடு மிகப் பெரியது, மிக மெதுவானது என்று ஆக்கியோரே குறும்பாக எழுதிவைத்துள்ளனர்! அக்குறும்பு கையேட்டுக்கும் பொருந்தும். மற்றொன்று, இயல் இயலாகப் பகுத்த பெருங்கையேடு. அதில் நான்காம் இயல் உள்ளமை கட்டளைகளுக்குரியது. அவ்வியலின் உட்பிரிவு எவ்வடிப்படையில் அமைந்தது? போர்ன் ஓட்டிலிருந்து வழிவழியாய் வந்தவை ஒரு பிரிவு. பாசு ஓட்டில் புதிதாய்ச் சேர்ந்தவை ஒரு பிரிவு. ஓட்டின் தன்மையை மாற்றுவன ஒரு பிரிவு. சிறப்புக் கட்டளைகள் ஒரு பிரிவு. அஃதாவது பிறப்பைப் பார்த்து வகுத்த வகுப்பு! எவன் எக்குடியிற் பிறந்தான் என்று பார்த்துப் பந்தியில் இடம் ஒதுக்கும் பழக்கம் ஏட்டிலும் புகுந்தால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கின்றது அது.

விளைவு என்ன? மாறியைப் பிற நிரல்களுக்கு வழங்கும் 'எக்சுபோர்ட்டு' ஒரு பிரிவில் இருக்க, மாறியை அறிவிக்கும் 'டிக்ளேர்' மற்றொரு பிரிவில் இருக்கின்றது. இரண்டும் ஒரே வேலையின் இரு கைகள். கோப்படைவு மாறும் 'சீடீ' நான்காம் இயலில். கோப்படைவுகளை அடுக்கிவைத்து மீளும் 'புசுடு', 'பாப்டு' இரண்டும் ஆறாம் இயலில். பின்னணிப் பணிகளை ஆள்வன ஏழாம் இயலில். முன்னர் இட்ட கட்டளைகளை மீட்பன ஒன்பதாம் இயலில். ஓட்டின் வரலாறு அறிந்தவனுக்கு இது விளங்கும். வேலை நடக்கவேண்டும் என்று வருபவனுக்கு, அக்கட்டளை எந்த ஆண்டில் எந்த ஓட்டில் பிறந்தது என்பதால் என்ன பயன்?

பிற ஓடுகளும் ஒவ்வொரு வழியை மேற்கொண்டன. 1990 ஆம் ஆண்டில் பால் பால்சுடாடு தொடங்கிய 'இசட்' ஓடு தன் கையேட்டைப் பல தாள்களாய்ப் பிரித்து, உள்ளமை கட்டளைகளுக்கென்றே ஒரு தாள் ஒதுக்கிற்று. 2005 ஆம் ஆண்டில் தோன்றிய, மீன் என்று பொருள்படும் பெயர்கொண்ட ஓடு, கட்டளைக்கொரு தாள் என்னும் பழைய நன்முறைக்கே திரும்பிற்று. பெர்க்கிலி வழிவந்த தளங்களிலோ 'சீடீ'யின் கையேட்டைக் கேட்டால், எந்தக் கட்டளை எவ்வோட்டில் உள்ளது என்னும் ஒரு வெறும் பட்டியல் வந்து நிற்கும்.

வகுப்பு முறையில் என்ன இருக்கின்றது, தேடினால் கிடைத்துவிடாதா என்பார்க்கு ஒரு செய்தி. 'எக்கோ' என்பது சொன்னதைத் திரும்பச் சொல்லும் கட்டளை. இஃது ஓட்டுக்குள்ளும் உளது. வெளியே தனி நிரலாகவும் உளது. வெறும் பெயரைத் தட்டச்சிட்டால் இயங்குவது உள்ளே இருப்பது. பொதுக் கையேட்டைக் கேட்டால் திரையில் வருவதோ வெளியே இருப்பதன் விளக்கம்! அவ்விளக்கத்தில் உள்ளவாறு, உதவி வேண்டும் என்னும் தெரிவை 'எக்கோ'வுக்குக் கொடுத்தால், பாசு ஓட்டினுள் இருக்கும் 'எக்கோ' அத்தெரிவின் எழுத்துகளையே திரையில் திரும்ப எழுதிக்காட்டும். கற்பவன் திகைப்பான், தன்னிடந்தான் பிழை என்று எண்ணுவான். 'கில்' என்னும் கட்டளையும் அத்தகையதே. ஓட்டுக்குள் இருப்பது பின்னணிப் பணியைப் பணியெண் சொல்லியே முடித்துவைக்கும். வெளியே இருப்பதற்கு அப்பணியெண் தெரியாது. ஏனெனில் பணிக்கணக்கு ஓட்டின் உள்ளத்தில் இருப்பது. 'டெசுட்டு', 'பிரிண்ட்டெப்பு', 'பீடபுள்யூடீ' என்று இரட்டையாய் நிற்பவை இன்னும் உள. எது இயங்குகின்றது என்பதைத் தெரிந்துகொள்ள 'டைப்பு' என்று ஒரு கட்டளை உளது. உள்ளமை கட்டளைக்குரிய விளக்கத்தை ஓட்டிடமே கேட்க 'எல்ப்பு' என்று ஒரு கட்டளை உளது. இவ்விரண்டையும் முதற்பக்கத்தில் சொல்லாத கையேடு வாயிற்படி இல்லாத வீடு. ஆனால் அவையும் நெடுங்கணக்கு வரிசையில் எங்கோ நடுவில் புதைந்து கிடக்கின்றன.

ஆகவே வகுப்பு முறை என்பது அழகு பற்றியதன்று, அறிவு பற்றியது. இதனை உலகுக்குச் சொல்லத்தக்க தகுதி எவர்க்கேனும் உண்டெனின் அது தமிழர்க்கு உண்டு. பொய்ப்பெருமை பேசவேண்டியதில்லை, நூலே சான்று. திவாகரம் 12 தொகுதியாக வகுக்கப்பட்டது. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் எனப் பொருள்வழி நடந்து, செயல் பற்றியவை, ஒலி பற்றியவை எனத் தொடர்ந்து, பதினோராவதாக ஒருசொற் பல்பொருளுக்கு ஒரு தொகுதியும், பன்னிரண்டாவதாகப் பல்பொருட் கூட்டத்து ஒருபெயர்க்கு ஒரு தொகுதியும் வைத்தது. பின்னர் 1732 ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் தம் சதுரகராதியை நான்கு கூறாக்கினார்: பெயர், பொருள், தொகை, தொடை. இத்தாலியில் பிறந்தவர் தமிழின் தேவையறிந்து தமிழுக்கேற்ப வகுத்தார். தமிழகத்திற் பிறந்து கணிப்பொறி கற்றோர் இற்றை நாளில் ஆங்கிலக் கையேட்டின் வகுப்பைத் தலைப்புகூட மாற்றாமல் படியெடுக்கின்றனர்!

நோக்குநூலைத் திறப்பவன் மூன்று வகைக் கேள்வியோடு வருகின்றான். ஒரு கட்டளையின் பெயரைக் கண்டு, இது யாது செய்யும் என்று கேட்பது முதல்வகை. செய்யவேண்டிய வேலையை வைத்துக்கொண்டு, இதற்குக் கட்டளை எது என்று கேட்பது இரண்டாம்வகை. இக்கட்டளை மற்றவை போல் நடவாமல் வேறாக நடக்கின்றதே, இஃது எவ்வினத்தைச் சேர்ந்தது என்று கேட்பது மூன்றாம்வகை. பெயர், பொருள், தொகை என்று முனிவர் வகுத்த மூன்றும் இம்மூன்றற்கும் அப்படியே பொருந்துகின்றன. நான்காவதாகிய தொடை பாவலர்க்கு உரியது, ஓட்டுக்கு வேண்டா.

தொகை என்பதற்கு இங்கு என்ன வேலை என்று கேட்கலாம். பாசிக்சு என்னும் பொதுத்தரம் 15 உள்ளமை கட்டளைகளைச் சிறப்புக் கட்டளைகள் என்று தனியே நிறுத்தியுள்ளது. அவற்றில் ஒன்றைத் தவறாக எழுதினால், தரத்தின்படி இயங்கும் ஓட்டில், நிரலே அவ்விடத்தில் நின்றுவிடலாம். அவற்றின் முன் ஒரு மாறிக்கு இட்ட மதிப்பு, கட்டளை முடிந்த பின்னும் நிலைத்திருக்கும். பிற கட்டளைகளில் அவ்வாறில்லை. இவ்வேறுபாடு ஒவ்வொரு கட்டளையின் விளக்கத்திலும் சிதறிக் கிடந்தால் எவனும் நினைவிற் கொள்ளான். பதினைந்தையும் ஒரு தொகையாக்கி ஓரிடத்தில் வைத்தால், மூவேந்தர், ஐந்திணை என்று மனத்திற் பதிவது போலப் பதியும்.

திவாகரத்தின் இறுதித் தொகுதிகளின் பின்னுள்ள அறிவும் அத்தகையதே. 'செட்டு' என்னும் ஒரே கட்டளை வெறுமனே இட்டால் மாறிகளையெல்லாம் பட்டியலிடும். தெரிவோடு இட்டால் ஓட்டின் நடத்தையை மாற்றும். சொற்களோடு இட்டால் அச்சொற்களை வரிசைமாறிகளாக ஏற்கும். ஒருசொற் பல்பொருள் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்? மறுதலையாக, 'சோர்சு' என்பதும் ஒற்றைப் புள்ளியும் ஒன்றே. 'டிக்ளேர்' என்பதும் 'டைப்செட்டு' என்பதும் ஒன்றே. 'மேப்பைல்' என்பதும் 'ரீடரே' என்பதும் ஒன்றே. இவை ஒருபொருட் பன்பெயர். ஒரு தமிழ்ப் புலவரிடம் இவ்வறுபது கட்டளைகளைக் கொடுத்து வகுத்துத் தருக என்றால், அவர் கணிப்பொறியைத் தொட்டே இராவிடினும், கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்பார்.

அகரவரிசை ஒன்றே போதும் என்பாரையும் விட்டுவிட முடியாது. எந்த அகரவரிசை? 'ஏலியாசு', 'பைண்டு', 'பிரேக்கு', 'காலர்', 'சீடீ' என்பது ஆங்கில நெடுங்கணக்கின் வரிசை. அவற்றின் விளக்கத்தைத் தமிழில் எழுதி, அதே வரிசையில் வைத்தால் தமிழ் படிப்பவனுக்கு அது வரிசையே அன்று. பெயரை அறிந்து தேடுவார்க்கு ஆங்கில வரிசையில் ஒரு பட்டியல் இருந்துபோகட்டும். தட்டச்சிடுவது அவ்வெழுத்தில் ஆகலின் அது முறையே. ஆனால் வேலையை அறிந்து தேடுவார்க்குத் தமிழ்ச்சொல்லின் வரிசை வேண்டும்: இடம் மாறல், உரை வாங்கல், ஏற்றுமதி, குறிபிடித்தல், பணி நிறுத்தல், மாறி அறிவித்தல் என்று.

அங்கும் ஒரு கேடு காத்திருக்கின்றது. ஒருங்குகுறியில் 1991 ஆம் ஆண்டில் தமிழுக்கு இடமளித்தபோது, இந்திய நடுவணரசின் தரக்குறியீட்டைப் பின்பற்றி, நாகரி எழுத்தின் அடுக்கிலேயே தமிழையும் அடுக்கினர். அதனால் 'ன' என்னும் எழுத்து நெடுங்கணக்கின் இறுதியில் நிற்காமல், 'ந'வுக்கும் 'ப'வுக்கும் இடையே செருகப்பட்டது. 'ற' வந்து 'ர'வை அடுத்து நின்றது. 'ழ'வுக்கு முன்னே 'ள' ஏறிக்கொண்டது. புள்ளியோ எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் தள்ளப்பட்டது. இவ்வெண்களின் வழியே கணிப்பொறியைப் பட்டியல் அடுக்கச் சொன்னால், 'கட்டளை' என்னும் சொல் 'கடத்து' என்பதற்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ் அகரமுதலியிலோ மெய் முன்னும் உயிர்மெய் பின்னுமாகக் 'கட்டளை'யே முற்படும். தொல்காப்பியர்க்கு முன்பிருந்து வழங்கும் எழுத்தடைவு, நாகரிக்கு இசைவாக இருக்கவேண்டும் என்பதற்காகக் குலைக்கப்பட்டது! இக்கொடுமையைத் திருத்த வரிசைப்படுத்தும் நெறியைத் தனியே எழுதிச் சேர்க்கலாம். அது முடியாத வேலையன்று. முடியாதது, பட்டியல் தானாகச் சரியாக வரும் என்று நம்பி வாளா இருப்பது.

இனி, எழுதுவோரைப் பற்றி. கணிப்பொறி பற்றித் தமிழில் எழுதுவதாகக் கூறிக்கொண்டு, 'பில்டின் கமாண்டை ரன் பண்ணி அவுட்புட்டைச் செக் பண்ணவும்' என்று எழுதுவோர் ஒரு சாரார். இதில் தமிழ் எங்கே உளது? உருபும் வினைமுடிபும் மட்டும் தமிழ். உடல் முழுதும் அயல். இதைவிட ஆங்கிலத்தை ஆங்கிலமாகவே எழுதிவிடலாம், அம்மொழிக்கேனும் பெருமையாகும். மற்றொரு சாரார் தனித்தமிழ் அன்பர்களே. கலைச்சொல் ஆக்குவதில் அவர்க்கு ஊக்கம் மிகுதி. ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஓடு, கூடு, உறை, மேலோடு என்று நான்கு சொல் ஆக்கி, எது சிறந்தது என்று திங்கள் பன்னிரண்டும் சொற்போர் நடத்துவர். சொல் வேண்டியதே. ஆனால் சொற்பட்டியலால் மட்டும் எவனும் ஒரு கட்டளையைக் கற்றுவிட முடியாது. செங்கல் அடுக்கி வைத்தால் வீடாகாது. மொழிஞாயிறு பாவாணர் சொல்லாய்வோடு நின்றாரல்லர். அகரமுதலித் திட்டத்துக்கென்று 1974 ஆம் ஆண்டில் பொறுப்பேற்று, முறைப்படத் தொகுக்கும் பணியைத் தோளிற் சுமந்தார். அவர் 1981 ஆம் ஆண்டில் மறைந்த பின்னும் அப்பணி தொடர்ந்து நிறைவெய்தியது. தொகுப்பும் வகுப்பும் இல்லாத சொல்லாக்கம் அவர்க்கு உவப்பன்று.

கட்டளைகளின் பெயரையும் மாற்ற வேண்டாவா என்று சிலர் வினவுவர். வேண்டுவோர்க்கு வழி உளது. பாசு ஓட்டில் மறுபெயரிடும் கட்டளையைக் கொண்டு, தமிழெழுத்திலேயே ஒரு கட்டளைக்குப் பெயர் சூட்டலாம். செயற்கூறுக்கும் தமிழ்ப் பெயர் இடலாம். மாறிகளுக்கு மட்டும் ஆங்கில எழுத்தன்றி இசைவில்லை. ஆயினும் முதற்பணி அதுவன்று. கட்டளைப் பெயர் வேற்றுக் கணிப்பொறியிலும் இயங்கவேண்டிய குறி. அதன் விளக்கமே மாந்தன் படிப்பது. குறி இருந்தவாறு இருக்கட்டும், விளக்கம் தமிழாகட்டும்.

அவ்விளக்கம் எந்நிலையில் உளது? பாசு ஓட்டின் உள்ளமை கட்டளை விளக்கங்கள் பிற மொழிகளில் மாற்றத்தக்கவாறே அமைக்கப்பட்டுள்ளன. 2022 ஆம் ஆண்டில் வெளிவந்த 5.2 ஆம் பதிப்போடு வந்த மொழிக்கோப்புகளைப் பார்ப்போர் தலைகுனிய நேரும். பிரெஞ்சு, செருமானியம், சப்பானியம் ஆகியன உள்ளமை வியப்பன்று. ஏறத்தாழ 11 நூறாயிரம் பேரே பேசும் எசுத்தோனிய மொழிக்குக் கோப்பு உளது. ஏறத்தாழ 20 நூறாயிரவர் நாடாகிய சுலோவீனியத்தின் மொழிக்கு உளது. ஆங்கிலத்தின் அடியில் நசுங்கி நூற்றாண்டுக் கணக்கில் நலிந்த ஐரிசு மொழிக்கு உளது. எசுப்பானியத்தின் நிழலில் வாழும் கலீசிய மொழிக்கு உளது. எந்நாட்டுக்கும் உரியதல்லாத, ஒருவர் ஆக்கிய மொழியாகிய எசுப்பெராந்தோவுக்கும் உளது! ஏழு கோடிக்கு மேற்பட்ட மக்களின் தாய்மொழி, மூன்று நாடுகளில் ஆட்சியுரிமையுடைய மொழி, அப்பட்டியலில் இல்லை. யார் தடுத்தார்? எவரும் தடுக்கவில்லை. கட்டணம் இல்லை; இசைவாணை வேண்டியதில்லை; நடுவணரசின் ஒப்புதலும் வேண்டியதில்லை. இந்தி வந்து வழிமறித்தது என்று இங்குச் சொல்லவும் இடமில்லை. ஆயிரக்கணக்கான தமிழ்ப் பொறியாளர் நாள்தோறும் இவ்வோட்டில் உழைத்துப் பிழைக்கின்றனர். அவருள் பத்துப் பேர் அமர்ந்தால் முடியும் பணி இது.

அவ்வாறு அமர்வோர் இரு வேலை செய்தல் வேண்டும். ஒன்று, அம்மொழிக்கோப்பை நிரப்புதல். 'எல்ப்பு' என்று கேட்ட மாணவனுக்கு ஓடே தமிழில் விடை சொல்வதற்கு அது வழி. மற்றொன்று, அதனின் வேறாக, பொருள்வழி வகுத்த ஒரு தமிழ் நோக்குநூல். முதலில், இயங்குவது எது என்று அறியும் கட்டளைகள், அடுத்து இடம் மாறுவன, பின்னர் மாறிகளை ஆள்வன, உரை வாங்குவனவும் வெளியிடுவனவும், நிரலின் போக்கைத் திருப்புவன, பணிகளை ஆள்வன, இறுதியில், ஓட்டின் தன்மையையே மாற்றுவன. கட்டளைக்கொரு பக்கத்துக்கு மேற்படாமை நன்று. வெளியே அதே பெயரில் நிரல் உண்டெனின் அதனையும் வேறுபாட்டையும் பெயருக்கு அடுத்த வரியிலேயே சொல்லிவிடல் வேண்டும். கற்பவன் முதலில் இடறும் இடம் அது. வெற்றியா தோல்வியா என்று கட்டளை திருப்பித்தரும் எண்ணையும் விடாது குறித்தல் வேண்டும். ஆங்கிலக் கையேட்டைத் தமிழாக்குவோர் பெரும்பாலும் சோம்பி விடுவது அவ்வரியையே. மூன்று அடைவுகள் நூலின் இறுதியில்: ஆங்கிலப் பெயர் வழி ஒன்று, தமிழ்ப் பொருள் வழி ஒன்று, தொகை வழி ஒன்று.

மொழிக்கோப்பு என்பது வெறும் எழுத்துக் கோப்பு. எந்தத் தொகுப்பியிலும் திறக்கலாம். மேலே ஆங்கிலத் தொடர். கீழே மொழிபெயர்ப்புக்குரிய இடம், இரட்டை மேற்கோட் குறிகளுக்கிடையே வெறுமையாக. 'சீடீ'யின் விளக்கம் ஒரு மாலைப்பொழுதுக்குரிய வேலை. கல்லூரித் தமிழ் மன்றங்கள் பொங்கலுக்குக் கோலப்போட்டி நடத்தும் நாளில், கணிப்பொறித் துறை மாணவரையும் தமிழ்த்துறை மாணவரையும் ஒரு மேசைக்கு அழைத்து, ஆளுக்கொரு கட்டளையைப் பிரித்துக் கொடுத்துத் தொடங்கலாம். முதலில் 'டைப்பு', அடுத்து 'எல்ப்பு', மூன்றாவது 'சீடீ'.